பிரிட்ஜ் சீட்டாட்டம், நோ டிரம்ப்புக்கு டிரான்ஸ்ஃபர்: வாசகர் கேள்விகள்

கே: பார்ட்னர் 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று ஏலத்தைத் தொடங்கினார், நான் 2 டைமண்ட் சொன்னேன். பார்ட்னரிடம் ஹார்ட் இரண்டுதானாம், 2 நோ டிரம்ப் என்றார். சரியா?

தப்பு. டிரான்ஸ்ஃபர் என்பது, உங்களிடம் ஐந்து சீட்டு உள்ள ஹார்ட்டையோ ஸ்பேடையோ, அதற்குக் கீழ்ச் சூட்டைச் சொல்லிப் பார்ட்னர் வாயால் சொல்லவைப்பது: 2 டைமண்டுக்கு 2 ஹார்ட், 2 ஹார்ட்டுக்கு 2 ஸ்பேட். கேட்டதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கே: ஸ்பேட் 7 4, ஹார்ட் ஜாக் 8 6 4 2, டைமண்ட் 9 5 3, கிளப் 8 6 2. ஒரே பாயிண்ட் (பெரிய சீட்டுகளுக்கான மதிப்பு) என்பதால் 1 நோ டிரம்ப்பை பாஸ் செய்தேன். மூன்று டவுன், அதாவது சொன்னதைவிட மூன்று ட்ரிக் (வென்ற சுற்று) குறைவு. பார்ட்னர் கோபிக்கிறார்.

கோபிக்காமல் என்ன செய்வார்? எத்தனை தடவைதான் எழுதுவது, டிரான்ஸ்ஃபருக்குப் பாயிண்ட் வேண்டாம், ஐந்து சீட்டு போதும்! நோ டிரம்ப்பில் உங்கள் கை செத்த கை. டம்மிக்கு, அதாவது மேசையில் விரித்த உங்கள் கைக்கு, போக வழியே இல்லை. பாவம், அவர் எல்லா சூட்டையும் தன் கையிலிருந்தே ஆடித் தோற்க வேண்டும். ஹார்ட் டிரம்ப் ஆனால் அதே சில்லறைச் சீட்டுகள் ஒன்றிரண்டு ட்ரிக் தரும், ஸ்பேட் மூன்றாம் சுற்றில் வெட்டலாம். ஆடுபவரும் 15-17 பாயிண்ட்காரர்தான். அவருடைய ஏஸ்-குயின், கிங்-ஜாக் எல்லாம் மறைவாக இருக்க, லீட் அவற்றை நோக்கியே வரும். 2 டைமண்ட் சொல்லுங்கள், 2 ஹார்ட் வந்ததும் பாஸ். ஓப்பனருக்கும், அதாவது 1 நோ டிரம்ப் சொன்னவருக்கும், ஒரு வார்த்தை: எதிரே இப்படிப்பட்ட கையும் இருக்கலாம். நான்கு ஹார்ட்டும் 17 பாயிண்ட்டும் இருந்தால், அதுவும் முன்பே பேசிவைத்திருந்தால் மட்டும், 3 ஹார்ட்டுக்குத் தாவலாம். மற்றபடி கேட்டதைச் சொல்லுங்கள்.

கே: ஐந்து ஸ்பேட், 8 பாயிண்ட்?

டிரான்ஸ்ஃபர், பிறகு 2 நோ டிரம்ப். 10 இருந்தால் 3 நோ டிரம்ப். மூன்று ஸ்பேட் வைத்திருக்கும் ஓப்பனர் 4 ஸ்பேட்டுக்கு மாற்றுவார்.

கே: நான்கு ஸ்பேட், ஐந்து ஹார்ட், கேம் (போனஸ் தரும் உயர்ந்த ஏலம்) போகும் கை?

ஸ்டேமன், அதாவது 2 கிளப் சொல்லி, நான்கு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று பார்ட்னரைக் கேட்பது. இல்லை என்று 2 டைமண்ட் பதில் வந்தால் 3 ஹார்ட். ஸ்மோலன் (நான்கு சீட்டுச் சூட்டைச் சொல்லி ஐந்து சீட்டுச் சூட்டைக் காட்டும் முறை) ஆடுபவர்கள் 3 ஸ்பேட்.

கே: எங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஒத்துவரவில்லை. ஏன்?

கையும் எழுதவில்லை, ஏலமும் எழுதவில்லை. நான் என்ன சோழி உருட்டியா பார்ப்பது?

கே: அமெரிக்க ஆட்டக்காரர் ஜேக்கபிதானே டிரான்ஸ்ஃபரைக் கண்டுபிடித்தவர்?

அமெரிக்காவில் பரப்பியவர், 1956-ல். சுவீடனில் ஓல்லே வில்னர் அதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே எழுதிவிட்டார்.

கே: பார்ட்னரின் 1 நோ டிரம்ப்புக்கு மேல் எதிராளி 2 ஸ்பேட் ஓவர்கால் செய்தார் (குறுக்கே ஏலம் கேட்டார்). என் 3 டைமண்ட் டிரான்ஸ்ஃபரா?

பேசிவைத்திருந்தால் ஆம். இல்லாவிட்டால் அது வெறும் டைமண்ட். சீட்டைக் கலைக்குமுன் பேசிவையுங்கள்.