பகுதி எண் எங்கே?

அன்புள்ள ஐயா,

பொதுச் சுகாதாரம் படிக்கத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. தொற்றுநோயியல் அறிமுகப் பாடம் முழுவதும் வீதங்களும் சூத்திரங்களுமாகவே போகிறது. டெங்கு நோயாளர் தொகையில் கொழும்பு மாவட்டம் முன்னிற்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் மன்னாரிலிருந்து அம்மா அழைத்துப் பயப்படுகிறார். அந்தத் தொகையை நான் எப்படி வாசிக்க வேண்டும்?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் அந்தச் சூத்திரங்கள் இருக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். மன்னாரிலோ ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர். செய்தியில் பின்னத்தின் மேலே நிற்கும் தொகுதி எண், அதாவது நோயாளர் தொகை, மட்டுமே வருகிறது. அதை வகுக்கவேண்டிய பகுதி எண்ணை, அதாவது அங்கு வாழும் மக்கள் தொகையை, வாசிப்பவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

1854 இல் இலண்டனில் கொலரா பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்த கதையை எல்லாரும் சொல்வார்கள். அதே ஆண்டு அவர் செய்த மற்றோர் ஆய்வையே நான் பெரிதாக மதிக்கிறேன். சதக்-வொக்ஸ்ஹோல் கம்பனி கழிவுநீர் கலந்த தேம்ஸ் நீரை வழங்கியது; லம்பெத் கம்பனியோ 1852 இல் நீரெடுக்கும் இடத்தைக் கழிவுநீர் கலக்காத ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடியதால், அடுத்தடுத்த வீடுகளில் ஒரே காற்றைச் சுவாசித்து ஒரே விதமாக வாழ்ந்தவர்கள் வெவ்வேறு நீரைக் குடித்தார்கள். ஏழு வாரங்களில் முதற் கம்பனியின் 40,046 வீடுகளில் 1,263 மரணங்கள், மற்றதன் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீடுகளுக்கு எனக் கணக்கிட்டால் 315 உம் 37 உம்.

எந்தக் கம்பனியின் நீர் என்று பல குடியிருப்பாளர்களுக்குத் தெரியாதிருந்தது. ஸ்னோ அந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டுப் பார்த்தார். கடலுப்பு மிகுந்த சதக்-வொக்ஸ்ஹோல் நீரில் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. லம்பெத் நீரில் அது மிகச் சொற்பம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நீங்களும் கண்டிருக்கக்கூடிய அதே வெண்மைதான். ஒவ்வொரு மரணத்தையும் உரிய கம்பனியின் கணக்கில் சேர்க்க ஒருவர் பட்ட இந்தச் சிரமத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

கொழும்பில் அந்தச் சிரமம் இன்னும் கூடுதலானது. டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பது. வெள்ளவத்தை முகவரியில் பதிவாகும் நோயாளி பகல் முழுவதும் புறக்கோட்டைக் கடையொன்றில் நின்றவராக இருக்கலாம். ஆகவே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் ஒழுங்கைக்கு வந்து பூச்சாடித் தட்டையும் பீலியையும் பார்த்த பின், நோயாளி கடந்த இரண்டு வாரங்களில் பகலில் எங்கெங்கே இருந்தார் என்று கேட்டால், சலிக்காமல் நாள் நாளாக நினைவுகூர்ந்து சொல்லும்படி வீட்டாரிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.