புளோரிடாவிலிருந்து குரூஸ்: கோவிட் பரிசோதனையும் காப்புறுதியும் – கேள்வி பதில்

2022 மார்ச் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து புளோரிடா போய்க் குரூஸ் என்ற உல்லாசக் கப்பலேற இருந்த குடும்பங்களின் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் 2022 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை நிலவரம்; ‘இன்று’, ‘நேற்று’ என்பவையும் அந்த நாளை வைத்தே. இங்குள்ள கோவிட் பயண விதிகள் இப்போது நடைமுறையில் இல்லை. அப்போது பயணத்தில் மூன்று தரப்பு உங்களிடம் பரிசோதனைத் தாள் கேட்டன: அமெரிக்காவுக்குப் பறக்கும் விமானம், கப்பல் கம்பனி, திரும்பும்போது கனடா. மூன்றும் நாட்களை மூன்று விதமாக எண்ணின. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியது.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, வெள்ளி 11ஆம் தேதி இரவு மியாமிக்குப் பறக்கிறோம். சனி 12 கப்பல். விமானத்துக்கு ஒரு ரெஸ்ட் (பரிசோதனை), கப்பலுக்கு இன்னொன்று என்று இரண்டு எடுக்க வேணுமா?

ஒன்று போதும். வியாழன் 10ஆம் தேதி எடுங்கள். அமெரிக்க விமான விதி, புறப்படும் நாளுக்கு முந்தைய ஒரு நாளுக்குள் எடுத்த பரிசோதனையைக் கேட்கிறது. அது காலண்டர் நாள், 24 மணி நேரம் அல்ல. வெள்ளி இரவு எட்டு மணி விமானத்துக்கு வியாழன் காலை ஏழு மணிக்கு எடுத்ததும் செல்லும். தடுப்பூசி போட்டவர்களிடம் பெரிய கப்பல் கம்பனிகள் கேட்பது ஏறும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் எடுத்தது. சனிக்கிழமைக் கப்பலுக்கு வியாழன் அதற்குள் அடங்கும்.

வியாழனே மியாமி போய் இறங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. புதன் எடுத்தது விமானத்துக்குச் செல்லும், கப்பலுக்குச் செல்லாது. புதன் எடுத்தவர்கள் புளோரிடாவில் இன்னொன்று எடுக்க வேண்டும்.

பிசிஆர் (ஆய்வுகூடத்தில் செய்யும் மூலக்கூற்றுப் பரிசோதனை) வேண்டாம், அன்டிஜன் (விரைவுப் பரிசோதனை) எடுங்கள். இரண்டையும் ஏற்கிறார்கள், ஆனால் பிசிஆர் முடிவு விமானத்துக்கு முன் வந்துசேரும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அறிக்கையில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறுவது வழக்கம், முதலெழுத்தோடு பதிந்துவிடுவதும் உண்டு. கவுண்டரில் அதைப் பார்த்துத் தயங்குவார்கள். பாமசியை விட்டு வெளியே வருமுன் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி (பிரம்ப்டன்): பள்ளிக்கூடத்தில் தந்த அன்டிஜன் கிட் வீட்டில் நிறைய இருக்கு. அதில் எடுத்து போட்டோ பிடித்துக் காட்டலாமா?

முடியாது. தானே எடுத்ததை அமெரிக்காவும் ஏற்காது, கனடாவும் ஏற்காது. வீடியோ அழைப்பில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, பெயரும் தேதியும் போட்டு அறிக்கை தரும் கிட்கள் தனியாக விற்கிறார்கள். அவை செல்லும். ஆனால் அதைக் கப்பலில் செய்யலாம் என்று நம்பிக் கொண்டுபோகாதீர்கள். கடலில் இணையம் விட்டுவிட்டு வரும், அழைப்பு நடுவில் அறுந்தால் கிட்டும் வீண்.

வீட்டுக் கிட்டுக்கு வேறொரு நல்ல உபயோகம் உண்டு. புறப்பட நான்கைந்து நாள் இருக்கும்போதே எல்லோரும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பொசிட்டிவ் என்றால் வீட்டிலிருந்தபடியே தேதி மாற்றலாம்.

கேள்வி (மார்க்கம்): எனக்கு ஜனவரியில் கோவிட் வந்தது. குணமானவர்களுக்கு ரெஸ்ட் தேவையில்லை என்கிறார்களே?

விதி அப்படித்தான். ஆனால் எந்தத் தாள் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவுக்கு: கடந்த 90 நாட்களுக்குள் எடுத்த பொசிட்டிவ் முடிவும், நீங்கள் பயணம் செய்யலாம் என்று வைத்தியர் எழுதிய கடிதமும். பிசிஆர், அன்டிஜன் இரண்டும் செல்லும், வீட்டில் தானே எடுத்தது செல்லாது. கனடாவுக்கு: 10 முதல் 180 நாட்களுக்கு முன் எடுத்த பொசிட்டிவ். அது பிசிஆர் வகை மூலக்கூற்றுப் பரிசோதனையாக இருந்தே ஆகவேண்டும்.

ஒன்ராறியோ 2021 டிசம்பர் 31இலிருந்து அரசாங்கப் பிசிஆரைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் என்று குறைத்துவிட்டது. ஆகவே ஜனவரியில் வருத்தம் வந்த பலரிடம் இருப்பது வீட்டுக் கிட்டின் இரண்டு கோடுகள்தான். அது எங்கேயும் செல்லாது. நீங்களும் அப்படியென்றால் மற்றவர்களைப் போல அன்டிஜன் எடுங்கள். பிசிஆர் மட்டும் எடுக்காதீர்கள். குணமாகி வாரக்கணக்கான பின்னும் அது பொசிட்டிவ் காட்டலாம்.

கேள்வி (மிசிசாகா): காரில் பஃபலோ போய், அங்கிருந்து பறந்தால் ரெஸ்ட் வேண்டாமாமே. உண்மையா?

உண்மை. தரைவழியாக அமெரிக்காவுக்குள் போகப் பரிசோதனை கேட்பதில்லை, தடுப்பூசிச் சான்று மட்டும். பஃபலோவிலிருந்து புளோரிடா உள்நாட்டு விமானம், அதற்கும் தேவையில்லை. கப்பலுக்கு மட்டும் இரண்டு நாள் கணக்கில் ஒன்று வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த வழி மலிவு.

திரும்பும்போது இந்தச் சலுகை இல்லை. பஃபலோ எல்லையிலுள்ள பீஸ் பிரிட்ஜ் பாலத்தால் காரில் வந்தாலும் கனடா பரிசோதனை முடிவு கேட்கும். பிசிஆர் என்றால் எல்லைக்கு வந்துசேரும் நேரத்துக்கு முந்தைய 72 மணிக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

கேள்வி (ஏஜக்ஸ்): சனி 19 காலை கப்பல் மியாமிக்கு வரும், மதியம் ஒன்றரைக்கு விமானம். கனடாவுக்கான ரெஸ்டை எங்கே எடுப்பது?

அந்த விமானம் நெருக்கடியானது. முடிந்தால் பின்னேரத்துக்கு, அல்லது ஞாயிறுக்கு மாற்றுங்கள்.

பெப்ரவரி 28இலிருந்து கனடாவுக்கு இரண்டு வழி. ஒன்று, 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர். இது மணிக்கணக்கு, நாள் கணக்கு அல்ல. உங்களுக்கு அது புதன் மதியத்துக்குப் பின், கப்பல் கடலில் நிற்கும் நேரம். மற்றது, பறக்கும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ எடுத்த, பரிசோதகர் முன்னிலையிலான அன்டிஜன். அதாவது வெள்ளி கப்பலில், அல்லது சனி இறங்கியபின் விமான நிலையத்தில். கப்பலில் எடுத்துத் தருவார்களா என்று கம்பனியை இன்றே கேளுங்கள். தந்தால் அந்தத் தாளில் ஐந்து விபரம் இருக்கிறதா பாருங்கள்: பெயரும் பிறந்த தேதியும், எடுத்த இடத்தின் பெயரும் முகவரியும், எடுத்த தேதி, என்ன வகைப் பரிசோதனை, முடிவு. முகவரி இல்லாத தாள்கள் வருவதுண்டு.

மாறிப் பறப்பவர்களுக்கு இன்னொரு வித்தியாசம். அமெரிக்காவுக்குப் போகும்போது ஒரே ரிக்கெட்டில் உள்ள முதல் விமானத்திலிருந்து எண்ண வேண்டும். கனடாவுக்கு வரும்போது கனடாவுக்குள் இறங்கும் கடைசி விமானத்திலிருந்து. மியாமி–அட்லாண்டா–ரொறன்ரோ என்றால் அட்லாண்டாவில் புறப்படும் நேரம்தான் கணக்கு. பிள்ளைகளுக்கும் வயது வேறு: அமெரிக்க விமானத்துக்கு 2 வயதிலிருந்து, கனடாவுக்கு 5 வயதிலிருந்து.

கேள்வி (ஸ்காபரோ): கடைசி நாள் ரெஸ்டில் ஒருவருக்குப் பொசிட்டிவ் வந்தால்?

அவர் அன்று பறக்க முடியாது. அமெரிக்க வழிகாட்டல் ஐந்து நாள் தனிமை என்கிறது என்று நினைத்து ஐந்தாம் நாளுக்கு ரிக்கெட் போடாதீர்கள். கனடா பத்து நாள் கேட்கும், அதுவும் பிசிஆர் பொசிட்டிவ் எடுத்த நாளிலிருந்து. அன்டிஜன் பொசிட்டிவ் வந்த அன்றே ஒரு பிசிஆரும் எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கில் சேராத நாள். 19ஆம் தேதி எடுத்தால் 29ஆம் தேதி விமானம் ஏறலாம். பத்து இரவு ஹோட்டல், சாப்பாடு, புது ரிக்கெட் எல்லாம் உங்கள் கணக்கில், காப்புறுதி இல்லையென்றால்.

கேள்வி (மார்க்கம்): காப்புறுதி பற்றித்தான் என் கேள்வி. கடனட்டையில் பயணக் காப்புறுதி இருக்கு. ஓஹிப்பும் (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி) இருக்கு. போதாதா?

ஓஹிப்பை முதலில் சொல்கிறேன். வெளிநாட்டு வைத்தியசாலையில் அவசரமாக அனுமதித்தால் தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு 400 கனேடிய டொலர் வரை, சாதாரண வார்டுக்கு 200 வரை, வெளிநோயாளருக்கு 50 வரை. அமெரிக்க வைத்தியசாலை பில்லுக்கு முன் அது மிகச் சிறிய தொகை.

கடனட்டைக் காப்புறுதியை வாசிக்கும்போது ‘அரச பயண எச்சரிக்கை’ என்ற பகுதியைத் தேடுங்கள். பல காப்புறுதிகளில், நீங்கள் புறப்படும் நாளில் கனேடிய அரசு அந்தப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால், அதனால் வரும் செலவுக்குப் பணம் இல்லை. கனடா இரண்டு எச்சரிக்கை வைத்திருந்தது. அத்தியாவசியமற்ற வெளிநாட்டுப் பயணத்தைத் தவிர்க்கச் சொன்னது பெப்ரவரி 28 நீங்கியது. குரூஸ் பயணத்தை முற்றாகத் தவிர்க்கச் சொன்னது வேறு, அது நேற்றுத்தான், மார்ச் 7, நீங்கியது. இந்த ஒரு வாரத்தில் முதலாவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கப்பலேறியவர்கள் தங்கள் காப்புறுதியை இன்றே எடுத்து வாசிக்க வேண்டும். எச்சரிக்கையைப் பார்ப்பது காப்புறுதி வாங்கிய நாளிலா, புறப்பட்ட நாளிலா என்பதை அந்தக் காப்புறுதியின் விதிதான் தீர்மானிக்கும். தொலைபேசியில் கேட்டால், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தனியாகக் குரூஸுக்கு அபாய நிலை போட்டிருந்தது. 2021 டிசம்பர் 30இல் மிக உயர்ந்த நிலையான 4, 2022 பெப்ரவரி 15இலிருந்து 3. கனடாவில் வாங்கிய காப்புறுதி பொதுவாகக் கனேடிய எச்சரிக்கையைத்தான் பார்க்கும்.

மருத்துவச் செலவும் தனிமைச் செலவும் ஒன்றல்ல. மில்லியன் கணக்கில் மருத்துவக் காப்பு இருக்கும், ஆனால் நோயில்லாமல் ஹோட்டலில் பத்து நாள் அடைபட்டதற்கு ஒரு சதமும் தராது. ‘பயண இடையூறு’ பகுதியில் தனிமைப்படுத்தல் என்ற சொல் இருக்கிறதா, ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை நாள் என்று பாருங்கள். கப்பல் மருத்துவர் பில்லை உங்கள் கப்பல் கணக்கில்தான் போடுவார். முதலில் நீங்கள் கட்டி, விபரமான பில்லோடு பிறகு கேட்க வேண்டும்.

கேள்வி (பிக்கரிங்): அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரையும் பிரஷரும். போன மாதம் குளிசை மாற்றினார்கள். சொல்ல வேணுமா?

கட்டாயம். ஏற்கனவே உள்ள நோய்க்குக் காப்புத் தரக் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் 90 அல்லது 180 நாள், நோய் மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அளவைக் கூட்டினாலும் மாற்றம்தான், பல காப்புறுதிகளில் குறைத்தாலும் மாற்றம்தான். கோவிட்டுக்காகப் படுத்தாலும் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்பார்கள். படிவத்தை அம்மா சார்பில் ஊகித்து நிரப்பாதீர்கள். குடும்ப வைத்தியரிடம் மருந்துப் பட்டியலைத் தேதியோடு வாங்கி நிரப்புங்கள்.

சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டகாலம் தங்க வரும் கனேடிய விசா) வந்த பெற்றோரின் 100,000 டொலர் காப்புறுதி கனடாவில் தங்குவதற்கு வாங்கியது. வெளியே போகும் நாட்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், பல இடங்களில் குரூஸுக்குத் தனியாக எடுக்க வேண்டிவரும்.

கேள்வி (வோகன்): முதல் ஊசி அஸ்ட்ராசெனெக்கா, இரண்டாவது ஃபைசர். இன்னும் பிரச்சினையா?

இரண்டு வகை ஊசி கலந்து போட்டதால், 2021 நவம்பர் 8க்குப் பிறகு அமெரிக்காவுக்குள் போவதில் பிரச்சினை இல்லை. கப்பல் கம்பனியின் சொந்த விதியை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (ஏஜக்ஸ்): அரைவ்கானை எப்போது நிரப்புவது?

அரைவ்கான் என்பது கனடாவுக்கு வருகிறவர்கள் விபரம் பதியும் அரச செயலி. கனடாவுக்கு வருமுன் 72 மணி நேரத்துக்குள் நிரப்புங்கள். கப்பலில் இருக்கும்போதே கடவுச்சீட்டும் தடுப்பூசிச் சான்றும் ஏற்றிச் சேமித்து வையுங்கள், பரிசோதனை முடிவு வந்ததும் அனுப்புங்கள். அது தரும் ரசீதைக் கைபேசியில் படமாகவும் எடுத்து வையுங்கள். கனடாவில் இறங்கியதும் உங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து இன்னொரு பரிசோதனை எடுக்கச் சொல்லலாம். தடுப்பூசி முழுதும் போட்டவர் முடிவு வரும்வரை வீட்டில் அடைந்திருக்கத் தேவையில்லை, அடுத்த நாள் வேலைக்குப் போகலாம்.