பள்ளிப் பாடகர் குழு ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘க்ளீ’யின் ‘தி குவார்ட்டர்பேக்’ அத்தியாயத்துக்கு ரசிகர்கள் ஏன் அப்படி அழுதார்கள்? சிலருக்கு ஏன் கோபம்?

அழுதது அதில் இறந்துவிட்டதாகக் காட்டப்படும் ஃபின் என்ற பாத்திரத்துக்காக மட்டுமில்லை. அந்த வேடத்தில் நடித்த கோரி மான்டீத் 2013 ஜூலையில், 31 வயதில், ஹெராயினும் மதுவும் சேர்ந்து இறந்துபோனார். அக்டோபர் 10 அன்று இந்த அத்தியாயம் ஒளிபரப்பானது. ஃபினைக் காதலித்த ரேச்சலாகப் பாடி அழும் லியா மிஷெல் நிஜத்திலும் கோரியின் காதலி. அதை நடிப்பு என்று யார் பார்ப்பார்கள்? என்னை அதைவிட உலுக்கியது ஃபினின் பள்ளித் தோழி சான்டானா. பாட்டைப் பாதியில் நிறுத்தி, தேற்ற வந்தவர்களிடம் அலறிவிட்டு ஓடுவாள்.

சரி, கோபம்? ஃபின் எப்படி இறந்தான் என்று கதை சொல்லவே இல்லை. போதைப்பொருள் பற்றி இளைஞர்களிடம் பேசும் வாய்ப்பை நழுவவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். நியாயம்தான். ஆனால், மூன்றே மாதத்தில் அதையும் எழுத யாருக்கு மனம் வரும்?