புது ஏஞ்சல் மீன்களைப் பழைய ஜோடி துரத்துகிறதா?

காட்பாடிக் கடையில் வைத்திருக்கும் தொட்டியில் புதிதாக நான்கு ஏஞ்சல் விட்டதிலிருந்து பழைய ஜோடி துரத்துகிறது, புதுசு ஃபில்டருக்குப் பின்னால் பதுங்குகிறது, வரும் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் டார்ச் அடித்துத் துடுப்பைப் பாருங்கள், ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஒட்டுண்ணி, பழையதுக்கும் தொற்றிவிடும். அதனால்தான் 2 முதல் 4 வாரம் தனியாக வைத்துவிட்டு விடச் சொல்கிறோம்.

புள்ளி இல்லையென்றால், சரி, விளக்கை அணைத்துக் கல், செடியை இடம் மாற்றுங்கள், எல்லை பிடிக்கும் மீன் இது, அடையாளம் கலைந்தால் சண்டை குறையும். ஒரு வாரம் முன்பக்கம் அட்டை வையுங்கள், பிள்ளைகளிடம் காரணம் சொன்னால் தட்டமாட்டார்கள். அப்புறம், வேலூர் வெயிலில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் நிற்கவே கூடாது. ஜோடி முட்டையிட்டிருந்தால் இதெல்லாம் எடுபடாது, ஜோடியையும் புதுசையும் உடனே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.