அப்பாவுக்கு ஈரலில் கொழுப்பு: எண்ணெயை முற்றாக நிறுத்த வேண்டுமா?

தம்பி, உங்கள் அப்பாவுக்கு வயது 52, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது, அன்றிலிருந்து அம்மா கறிக்குத் தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டார், தேங்காய் எண்ணெய்தான் ஈரலுக்கு மருந்து என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மாமா வாதாடுகிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் ஒரு மருத்துவமனையின் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கிளினிக் நாள் போவதில்லை.

எண்ணெயை முற்றாக நிறுத்தத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் மருந்தும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது அப்பாவின் சோற்றுக் கோப்பையையும் தேத்தண்ணியையும்தான்.

நாம் சாப்பிட்ட எண்ணெய் அப்படியே போய் ஈரலில் படிகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஈரல் கொழுப்பு உள்ள சிலருக்கு அடையாளமிட்ட சத்துகளைக் கொடுத்து, ஈரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 59 வீதம், உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து இரத்தத்தின் வழியாக வந்தது. 26 வீதம், மாச்சத்தையும் சீனியையும் கொண்டு ஈரல் தானே செய்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 வீதந்தான்.

இதற்குப் பின்னால் இருப்பது இன்சுலின், இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோன். அது ஒழுங்காக வேலை செய்தால், சாப்பிட்ட பிறகு கொழுப்புத் திசு தன்னிடம் இருப்பதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். வயிறு பெருத்து இன்சுலின் மந்தமாகிவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், கொழுப்பு ஈரலுக்கு வந்துகொண்டே இருக்கும். சீனியைக் கொழுப்பாக்கும் வேலையை ஈரலும் நிறுத்தாது. ஈரல் கொழுப்பு, சலரோகம், பிறசர், ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு எல்லாம் ஒரே ஆளின் கிளினிக் கொப்பியில் வரிசையாக எழுதப்படுவது இதனால்தான்.

எங்கள் ஆட்களுக்கு இது ஏன் கூடி வருகிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயலில் முன்பு அருவி வெட்டு என்றால் நாட்கணக்கில் குனிந்து நிற்க வேண்டும், பிறகு சூடடிப்பு, மூட்டை தூக்குவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். இப்போது வெட்டு மெஷின் இறங்கினால் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். உழைப்புப் பாதியாகக் குறைந்தும் சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது. பட்டினியைக் கண்ட சனம் இது. 2009இல் போர் முடிந்த பிறகு வயிறு நிறையப் போட்டுப் பார்ப்பதில் அம்மாமாருக்கு இருக்கும் ஆறுதலை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் எண்ணெயை நிறுத்திவிட்டு, "பாவம், வெறும் கறியோடு சாப்பிடுகிறார்" என்று இன்னும் இரண்டு அகப்பை சோறு போட்டால் ஈரலுக்கு ஒரு நன்மையும் இல்லை. குத்தரிசிச் சோறோ மொட்டைக்கறுப்பனோ நல்லதுதான், அளவு குறைய வேண்டும். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து தரம் என்றால் 40 முதல் 50 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 50 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, முடிந்தால் 25 கிராமுக்குள். இதில் சோடாவும் பிஸ்கட்டும் சேரவில்லை.

சரி, அப்போ எந்த எண்ணெய் என்றாலும் ஒன்றுதானா? இல்லை. 2018இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். நிறை கூடியவர்களுக்கு மூன்று வாரம், வழக்கத்தைவிட நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு அது தேங்காய் எண்ணெய், பட்டர், சீஸ் போன்ற நிறைவுற்ற கொழுப்பாக வந்தது. இன்னொரு குழுவுக்கு ஒலிவ் எண்ணெய், கொட்டைகள் என்று நிறைவுறாத கொழுப்பாக. மூன்றாவது குழுவுக்குச் சீனிப் பானமும் இனிப்பும். ஈரல் கொழுப்பு முதல் குழுவில் 55 வீதம் கூடியது, சீனிக் குழுவில் 33 வீதம், நிறைவுறாத கொழுப்பு எடுத்தவர்களில் 15 வீதம். கலோரி ஒரே அளவாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் உறுதியான விஷயம். "நேரே ஈரலுக்குப் போய் எரிந்துவிடும்" என்று வீடியோக்களில் சொல்வது 8, 10 கார்பன் உள்ள கொழுப்பமிலங்களுக்குப் பொருந்தும். தேங்காய் எண்ணெயில் அவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருப்பது லோரிக் அமிலம், அது உடம்புக்குள் பெரும்பாலும் மற்ற எண்ணெய்களில் உள்ள நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே போகிறது.

அதற்காகத் தேங்காயை வீட்டை விட்டுத் துரத்த முடியாது, சம்பலும் சொதியும் இல்லாமல் நாங்கள் என்ன சாப்பிடுவது? முதற்பாலை நல்ல நாளுக்கு வையுங்கள், அன்றாடச் சொதிக்கு இரண்டாம் பால் போதும். தாளிக்க நல்லெண்ணெய் ஓரிரு தேக்கரண்டி. அதில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு, எள்ளும் எங்கள் மண்ணில் விளைகிறது. எந்த எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி என்பதால் அளவை மறக்க வேண்டாம். பின்னேரம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு சிறங்கை வறுத்த கச்சான், அல்லது அவித்த பயறு. முல்லைத்தீவுப் பக்கமிருந்து சூடையோ சாளையோ வந்தால் விடாதீர்கள், பொரிக்காமல் புளி விட்டுக் குழம்பு வையுங்கள். ஒமேகா 3 கிடைக்கும், ட்ரைகிளிசரைட்டுக்கும் நல்லது. உண்மையில் நான் பயப்படுவது ஏ9 வீதியோரக் கடைகளின் றோல்ஸ், வடை, கொத்துக்குத்தான். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய், கோதுமை மா, மேலே ஒரு சோடா. அப்பா வயலால் வரும்போது எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சாராயமோ கள்ளோ எடுக்கிறார் என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை, எண்ணெய்க் கதை அதற்குப் பிறகு.

நிறை 80 கிலோ என்றால் 4 கிலோ குறைந்தாலே ஈரலில் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைந்தால் அழற்சியும் தணிய வாய்ப்பிருக்கிறது. பட்டினி கிடந்து குறைக்க வேண்டாம், வேகமாகக் குறைத்தால் பித்தக்கல் வரலாம். இடுப்பை அளந்து வையுங்கள், எங்கள் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. (ஏ.எல்.டி. என்பதும் இதுதான்) சரியாக இருக்கிறது என்று ஆறுதல் படவும் வேண்டாம், அது சரியாக இருந்தும் ஈரலில் தழும்பு விழுந்தவர்கள் உண்டு. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் நான்கையும் வைத்து, தழும்பு இருக்கக்கூடுமா என்று மதிப்பிட ஃபிப்-4 என்று ஓர் எண் கணக்கிடலாம், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் அதைக் கேளுங்கள். கண் மஞ்சளானாலோ வயிறு வீங்கினாலோ மலம் கறுப்பாகப் போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.