கேம் சென்டர், கிளப், சீட்டு மேஜை: பஞ்சாயத்து எதைக் கேட்கும், போலீஸ் எதைக் கேட்கும்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பஞ்சாயத்து லைசன்ஸ் செக்‌ஷன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்லைப் பக்கத்துத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, ஒரு கடைமுறி (கடை அறை) பார்த்திருக்கிறேன். நாலு பிளேஸ்டேஷன், ஒரு பூல் டேபிள் போட்டு கேம் சென்டர் நடத்த ஆசை. முதலில் எங்கே போக வேண்டும்?

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் பிழைத்தீர்கள். முதலில் கட்டிடத்துக்குப் பஞ்சாயத்து என்ன வகையில் நம்பர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2019 கேரளக் கட்டிட விதிகளில் கடைகள் எஃப் பிரிவு, ஆட்கள் கூடும் இடங்கள் டி பிரிவு. வகை மாறினால் படி, வழி, கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் கணக்கு மாறும். நான் பார்த்த ஃபைல்களில் பாதி இங்கேதான் படுத்துவிடும். விளையாட்டைப் பற்றிய பேச்சே அதுவரை வந்திருக்காது.

கட்டிடம் சரியென்றால் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி தொழில் லைசன்ஸ். பொதுமக்கள் கூடும் இடங்களுக்கென்றே 1963-ல் தனிச் சட்டம் இருக்கிறது, அதன் கீழும் லைசன்ஸ் வேண்டுமா என்று செக்ரட்டரியிடம் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கினால் கேளிக்கை வரிக் கேள்வியும் வரும். ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த வரி உள்ளாட்சியின் கையில்தான் இருக்கிறது. குப்பை எடுக்க வரும் ஹரித கர்ம சேனைக்குப் பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அற்பமாகத் தெரியும், புதுப்பிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதே தம்பி: ஒரே வாசல்தான். பின்பக்கம் சுவர். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஒரு கேம் ஸோன் எரிந்து இருபத்தைந்து பேருக்கு மேல் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. வேறு முறி பாருங்கள்.

எருத்தேம்பதி: சார், எனக்கு மலையாளம் எழுத வராது. மனுவைத் தமிழில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்களா?

அனுப்பக் கூடாது. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். சண்டை வேண்டாம், மனுவின் தலையில் அந்தச் சட்டத்தின் பெயரை ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

வேலந்தாவளம்: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மனமகிழ் மன்றம் பதிவு செய்து, பஞ்சாயத்துச் சான்றும் வாங்கிவிட்டோம். இனி ரம்மி ஆடினால் போலீஸ் உள்ளே வர முடியாது அல்லவா?

வர முடியும். பஞ்சாயத்து பார்ப்பது முறியை. மேஜை மேல் என்ன நடக்கிறது என்பது 1960 கேரள சூதாட்டச் சட்டத்தின் கணக்கு, அது போலீஸுக்கு. ஃப்ரேம் போட்டு மாட்டிய லைசன்ஸின் கீழேயே போலீஸ் மகஜர் (கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுதியதைப் பார்த்தவன் நான்.

ரம்மிக்குத் திறமை வேண்டும், மூன்று சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொன்னது. அந்த வழக்கு செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றியது. சீட்டுக் கட்டுக்கும் இடத்துக்கும் நியாயமான கட்டணம் வாங்கியதை வைத்தே அதைச் சூதாட்ட விடுதி என்று சொல்ல முடியாது என்பதுதான் தீர்ப்பு. ஆனால் ஆடுகிறவர்களின் பந்தயப் பணத்திலிருந்து நடத்துபவர் லாபம் எடுத்தால் கதை வேறு. கேரளத்திலும் 1976-ல் ரம்மிக்கு விலக்கு கொடுத்தார்கள், பக்கப் பந்தயம் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே உங்கள் கணக்குப் புத்தகத்தில் சந்தாவும் டீக்காசும் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'கட்' எடுக்கிறீர்கள் என்றால் வக்கீலைப் பாருங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

கோபாலபுரம்: காசு போட்டால் டோக்கன் வரும் மெஷின் வைக்கலாமா? பரிசு பொம்மைதான்.

யோசித்து வையுங்கள். கர்நாடக வீடியோ கேம் கடைகள் பற்றிய வழக்கில், 1995-ல், இவற்றை லைசன்ஸ் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆடுகிறவன் ஜெயிக்கவே முடியாதபடி மெஷினைத் திருத்திவிடலாம் என்ற கவலையும் அதில் வந்தது. பொம்மை பொம்மையாகவே வீட்டுக்குப் போனால் எனக்கும் பயமில்லை. அதைக் கடைக்காரரே காசு கொடுத்துத் திரும்ப வாங்கினால் அது பொம்மை இல்லை.

மீனாட்சிபுரம்: கேம் சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டரில் பையன்கள் பணம் கட்டி ரம்மி ஆடினால்? அப்படியே கேரள லாட்டரியும் கவுண்டரில் வைக்கலாமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசின் 2025 சட்டம் தடை செய்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதம் அங்கே செல்லாது. ஆடுகிறவரை விட, நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணம் மாற்றிவிடுகிறவர் மேல்தான் அது பாய்கிறது. கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு தன் ஃபோனிலிருந்து கட்டிக் கொடுப்பது இருக்கிறதே, அந்த வேலையே வேண்டாம்.

லாட்டரிக்கு முறைப்படி ஏஜென்சி எடுத்து, எல்லைக்கு இந்தப் பக்கம் விற்றால் சரி. தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. பொள்ளாச்சி நண்பருக்கு ஒரு கட்டு கொடுத்து விற்கச் சொன்னால் அவர்தான் மாட்டுவார்.

நகரி: ஐயா, எங்கள் சித்தூருக்கும் இதே சட்டம்தானா?

இல்லை தம்பி, சித்தூர் இரண்டு! நான் இருப்பது கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர், உங்களுடையது ஆந்திரச் சித்தூர். உங்களுக்கு 1974 ஆந்திர சூதாட்டச் சட்டம். 2020-ல் அதைத் திருத்தி ஆன்லைனையும் இழுத்துக்கொண்டார்கள். அங்கே ரம்மி கிளப் தொடங்கும் முன் உள்ளூர் வக்கீலிடம் திருத்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வடகரப்பதி: அண்ணா, பள்ளிக்கூட வாசலில் புதுக் கேம் சென்டர். என் பையன் டியூஷன் ஃபீஸை அங்கே விடுகிறான். யாரிடம் சொல்வது?

பஞ்சாயத்துச் செக்ரட்டரிக்கு எழுத்தில் கொடுங்கள் அம்மா, ரசீது இல்லாமல் வராதீர்கள். லைசன்ஸ் இருக்கிறதா, என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேளுங்கள். பள்ளி நேரத்தில் சீருடைப் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்று நிபந்தனை போடச் சொல்லிக் கிராமசபையில் எழுந்து நின்று பேசுங்கள், பி.டி.ஏ.-வையும் (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கூட்டிக்கொண்டு போங்கள். தனி மனுவை ஃபைலில் போட்டு மூடுவது சுலபம், கிராமசபைத் தீர்மானத்தை மூட கொஞ்சம் கை நடுங்கும். பணம் வைத்து ஆடுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் நேராக ஸ்டேஷன்.