கண்ணுக்கு வைத்தியம், காசநோய்ப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. திடீரென ஒரு கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. விழித்திரை ரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சி என்கிறார் டாக்டர். ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்கிறார். இருமல்கூட இல்லாதவனுக்கு இது தேவையா? (வாசகி, மதுரை)

பதில்: கட்டாயம் தேவை. ஸ்டீராய்டுக்கு முன்பே எடுக்கச் சொன்னாரே, அதுதான் சரியான முறை.

விழித்திரையின் ரத்தக் குழாய்ச் சுவர் மிக இறுக்கமானது. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களை லேசில் வெளியே விடாது. அழற்சி வந்தால் அந்த இறுக்கம் தளர்கிறது. டி செல்கள் முதலான எதிர்ப்பு அணுக்கள் வெளியேறி, குழாயை ஒட்டியே மொய்த்துக்கொள்கின்றன. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தால், சிவப்புச் சிரையின் இரு ஓரமும் வெள்ளை உறை போட்டதுபோலத் தெரியும்.

ஆனால் அவை ஏன் வந்தன என்று அந்த உறை சொல்லாது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய், பல உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ், ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் பெசெட் நோய் என்று பல காரணங்கள் உண்டு. (தம்பிக்கு அடிக்கடி வாய்ப்புண் வருமா? அது பெசெட் நோயின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.) இந்த வயது ஆண்களிடம் நம் நாட்டில் அதிகம் பார்ப்பது ஈல்ஸ் நோய். 1880-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் என்ற கண் மருத்துவர் விவரித்தது. காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினைக்கு இதில் பங்கு இருக்கலாம் என்ற கருத்து வலுவாக உள்ளது. அதற்கு நுரையீரலில் நோய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனால்தான் இருமல் இல்லாதவரிடமும் தேடுகிறோம். தேடாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், உடலில் அடங்கிக் கிடக்கும் கிருமி தலைதூக்கிவிடலாம்.

காசநோய்க்கான தோல் பரிசோதனையான மாண்டூ ஊசி போட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டியாக வேண்டும். சிவந்த அளவு கணக்கில்லை, தடித்த அளவுதான் கணக்கு. பாசிட்டிவ் வந்தாலே காசநோய் என்று பயப்படாதீர்கள். மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அப்புறம், ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு, பார்வை தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். சிரைகள் அடைபட்டு ரத்த ஓட்டம் நின்றுபோன பகுதியில் மெல்லிய புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கசியும். விழித்திரை ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் அப்படிப்பட்ட பகுதிகள் தெரிந்தால் லேசர் சிகிச்சை சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ திரை விழுந்தது போல மறைத்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நன்றாகத் தெரிகிற மற்றக் கண்ணையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈல்ஸ் நோய் விழித்திரையின் ஓரத்தில் தொடங்குவது. பார்வை குறையாமலே அங்கேயும் ஆரம்பித்திருக்கலாம்.